சம்பளம் ஏறினப்போ நடந்த ஒரு விஷயம் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கணக்குப்பிள்ளை, திருப்பூர்

பனியன் கம்பெனி ஆபீஸ்ல சம்பளக் கணக்கு பாக்கறவன் நான். நடந்து சில வருஷமாச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அதான் எழுதறேன்.

எங்க கம்பெனில ஒரு லைன் சூப்பர்வைசர். கைமடியா, அதாவது டைலருக்கு உதவிக்கு நிக்கற ஆளா சேந்து, ஓவர்லாக் தையல் மிஷின் கத்துக்கிட்டு, டைலர் ஆகி, அப்புறம் லைனையே பாத்துக்கற அளவுக்கு வந்தவர். அது எவ்வளவு பெரிய ஏத்தம்னு இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மாசம் 20,400. ஒரு அவசர ஆர்டரை நேரத்துக்கு முடிச்சுக் குடுத்தாருன்னு மொதலாளி 1,200 ஏத்திப் போடச் சொல்லிட்டார். லெட்டர் அடிச்சுக் கையில குடுத்தேன். சிரிப்பாருன்னு பாத்தேன், சிரிக்கல. மேஜைல இருந்த என் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். 21,600. அப்படியே என் பக்கம் திருப்பி வச்சார்.

"தம்பி, இதுல ஒரு 700 ரூபா கொறைச்சுப் போட முடியுங்களா?"

அவங்க அம்மாவுக்கு டயாலிசிஸ். எல்லாம் ஈஎஸ்ஐ கார்டுல, அதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுல ஓடுது. மாசச் சம்பளம் 21,000 தாண்டினா அந்தக் கார்டு போயிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போலாம்னா வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், அதுலயும் இவர் வரமாட்டார். ரெண்டு கதவும் சாத்தின மாதிரி. மாசம் 1,200 ரூபாய வச்சுக்கிட்டு வெளிய டயாலிசிஸ் பண்ண முடியுமா?

மொதலாளிகிட்ட சொன்னேன். "சம்பளம் வேண்டாங்கறானா?"ன்னு கேட்டுட்டு, சரி போடுன்னுட்டார். 20,900-ன்னு மாத்தி அடிச்சேன். கையெழுத்துப் போட்டுட்டு "ரொம்ப நன்றிங்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனார். ஒருத்தர் சம்பளத்தைக் கொறைச்சு நன்றி வாங்கின கணக்குப்பிள்ளை நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ஓவர்லாக் அக்கா

ஏனுங்க, அந்த அண்ணன் கஷ்டம் புரியுது. ஆனா செக்கிங், கைமடி, பிசிர் வெட்டறதுன்னு இருக்கற பொம்பளைங்களுக்கு 21,000-ங்கற கோடு கண்ணுக்கே தெரியாதுங்க. பத்து வருஷம் செக்கிங் டேபிள்ல நின்னவங்களும் போன மாசம் சேந்த புள்ளையும் கிட்டத்தட்ட ஒரே ஷிப்ட் சம்பளம்தான் வாங்குவாங்க. நின்னு நின்னு காலுதான் வீங்கும்.

நான் கைமடியா இருந்தப்ப மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு அக்கா அவங்க மிஷின்ல என்னை உக்கார வச்சு, கட்டிங் வேஸ்ட்டுத் துணியைக் குடுத்து ஓட்டச் சொல்லும். பொங்கலுக்கு ஊருக்குப் போன டைலருங்க பாதிப் பேர் திரும்பி வரல. ஷிப்மென்ட் நெருக்கடி. கான்ட்ராக்ட்காரர் என்னைப் பாத்து "நீ உக்காரு"ன்னுட்டார். அந்த வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் அடிச்சேன். சனிக்கிழமை சம்பளத்துக்கு நிக்கறேன், நோட்டுல என் பேருக்கு நேரா கைமடி ரேட்டுதான் எழுதியிருக்கு.

கேட்டேன். "அட்ஜஸ்ட்மென்டுக்குத்தான உக்காந்த, அதுக்குள்ள டைலர் ஆயிட்டியா அம்மணி?"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சார். ஜாக்கெட்டுக்குள்ள இருந்த துண்டுச் சீட்டை எடுத்தேன், தினமும் எத்தனை டசன் அடிச்சேன்னு எழுதி வச்சது. மேஜைல வச்சேன். அவர் படிச்சே பாக்கல. எனக்குச் சொல்லிக் குடுத்த அந்த அக்கா பக்கத்துலயே நிக்குது. "இவ ஒழுங்காத்தான் அடிச்சா"ன்னு ஒரு வார்த்தை சொல்லும்னு பாத்தேன். தலையைக் குனிஞ்சு அவங்க காசை எண்ணிட்டே இருந்துச்சு. ரெண்டாவது தடவையும் எண்ணுச்சு.

அவங்களும் அதே ஆள்கிட்டத்தான் அடுத்த வாரமும் நிக்கணும், எனக்குத் தெரியும். ஆனாலும் மனசுல அது போகல.

அடுத்த மாசமே வேற கம்பெனி கேட்ல போய் "ஓவர்லாக் டைலர்"னு சொன்னேன். ஒரு பீஸ் அடிச்சுக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன், டைலர் ரேட் போட்டாங்க. அவ்ளோதான். கைமடியா உள்ள போன கேட்டுக்குள்ள நீங்க என்னைக்கும் கைமடிதான்.

பரோட்டா மாஸ்டர் மருமகன்

எங்க மாமா விருதுநகர்ப் பக்கம் ஒரு ஓட்டல்ல டேபிள் துடைச்சவர். மதியம் மூணு மணிக்கு அடுப்படி ஓய்ஞ்ச நேரத்துல, ஈரத்துணியை மடிச்சு வீசிப் பழகுவாராம், மாவு தொட்டா மாஸ்டர் திட்டுவார்னு. ஒருநாள் மாஸ்டர் அட்வான்ஸை வாங்கிட்டு வேற கடைக்குப் போயிட்டார். ராத்திரி கூட்டம் வந்து நிக்குது. மாமா போய்க் கல்லு முன்னாடி நின்னார். அன்னைக்கு விடிய டேபிள் கூலி, மறுநாள்லருந்து அதுக்கு மூணு மடங்கு. பட்டம் படிச்ச எனக்கு இன்னும் அவர் அளவுக்கு வரல, வீட்ல ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க.

சட்டம் தெரிஞ்சவன்

நானும் செக்யூரிட்டியா ஆரம்பிச்சு ஹெச்ஆர் அசிஸ்டென்ட் ஆனவன்தான். என் கதை பெருசா ஒண்ணுமில்ல. ஆனா மேல எழுதினதைப் பாத்தா சிலது சொல்லியே ஆகணும்.

கணக்குப்பிள்ளை சார், உங்க சூப்பர்வைசருக்கு நீங்க பாதி விவரம்தான் சொல்லியிருக்கீங்க. சம்பளம் 21,000 தாண்டின அன்னைக்கே ஈஎஸ்ஐ நிக்காது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்னு ரெண்டு பங்களிப்புக் காலம். நடுவுல ஏறினா அந்தக் காலம் முடியற வரைக்கும் பணம் பிடிக்கணும், தொழிலாளிக்கு 0.75, கம்பெனிக்கு 3.25 சதவீதம். அதுல 78 நாள் பணம் கட்டியிருந்தா அதுக்குண்டான பலன் காலம் வரைக்கும் வைத்தியம் உண்டு. மார்ச்ல வெளிய போனவர் டிசம்பர் வரைக்கும் பாத்துக்கலாம். இன்னொண்ணு, ஓவர்டைம் பணம் அந்த 21,000 வரம்புக் கணக்குல சேராது. அப்போ பங்களிப்பு மட்டும் பிடிச்சாங்க. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசுன்னு குடுத்திருந்தா கார்டும் இருக்கும், பணமும் வந்திருக்கும்.

போனஸ் சட்டத்துலயும் அதே 21,000தான் வரம்பு. தாண்டினா குறைஞ்சபட்ச போனஸ் 8.33 சதவீதம் கேக்கற உரிமையும் போகும். அதனால சம்பளம் ஏத்தறாங்கன்னா ஒண்ணு 20,900-ல நிறுத்துங்க, இல்ல 25,000-ன்னு கேளுங்க. நடுவுல நின்னா நஷ்டம்.

ஓவர்லாக் அக்கா, நீங்க கேட்டிருக்க வேண்டியது சம்பளச் சீட்டு. அதுல பதவி எழுதியிருக்கும். பிஎஃப் கணக்கோட யுஏஎன் நம்பரை உங்க போன்லயே பாத்து எந்தச் சம்பளத்துக்குப் பிடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம். தமிழ்நாட்டுல குறைந்தபட்சக் கூலிக்கு வருஷா வருஷம் ஏப்ரல்ல அகவிலைப்படி மாறும், அதையும் பாருங்க. அஞ்சு வருஷம் ஒரே இடத்துல இருந்தா கிராஜுவிட்டி (பணிக்கொடை), வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். கம்பெனி மாறிட்டே இருந்தா அது போயிடும். ஓவர்லாக் மட்டும் போதாது, பிளாட்லாக் மிஷினும் கத்துக்கோங்க. அப்புறம்

ஓவர்லாக் அக்கா

குறுக்க பேசறேன், மன்னிச்சுக்குங்க. கான்ட்ராக்ட்காரர் நோட்டு, சனிக்கிழமை, கையில காசு. இதுல சம்பளச் சீட்டு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க? கிராஜுவிட்டிக்காக அஞ்சு வருஷம் கைமடி ரேட்டுல நின்னிருந்தா அந்த 15 நாளு 15 நாளா வந்திருக்கும். மாறினதுல நான் ஒரு வருஷத்துலயே அதைவிட அதிகம் எடுத்துட்டேன். பிளாட்லாக் எனக்குத் தெரியும்.

நூத்தி இருபத்தேழு

பேரே சொல்லும், எங்கப்பா 1984 ஸ்டிரைக்ல இருந்தவர். பஞ்சப்படிக்காக, அதான் அகவிலைப்படிக்காக, 127 நாள் திருப்பூர் பூட்டிக் கெடந்துச்சு. எங்கம்மா தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது அப்பத்தான்.

எல்லாரும் தனித்தனியா ஏறின கதையாச் சொல்றீங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு கைமடி டைலராகிப் போனா அந்த இடத்துக்கு இன்னொரு கைமடி அதே ரேட்டுல வரும். மொத்த டேபிளும் ஏறணும்னா சங்கமும் மொதலாளிகளும் உக்காந்து ஒப்பந்தம் போட்டாத்தான் உண்டு. 2021-ல போட்டாங்களே, நாலு வருஷத்துக்கு 32 சதவீதம், மொதல் வருஷம் மட்டும் 19. அதை எத்தனை கம்பெனி ஒழுங்காக் குடுத்துச்சுங்கறது வேற கதை.

எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு. அப்பாகூட ஒரே லைன்ல அடிச்ச ஒருத்தர், ஸ்டிரைக் முடிஞ்சு கொஞ்ச வருஷத்துல நாலு மிஷின் வாடகைக்குப் போட்டு மத்த கம்பெனிக்குக் கூலிக்குத் தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் எடுத்து, பின்னாடி கம்பெனி மொதலாளி ஆனவர். அந்தக் காலத்துல அப்படி ஏறினவங்க இங்க நிறைய. 2021 பேச்சுவார்த்தை நடந்துட்டு இருந்தப்ப டீக்கடைல அப்பாவைப் பாத்துட்டு காரை நிறுத்தி எறங்கி வந்தார். தோள்ல கை போட்டு, "என்னப்பா, உங்க ஆளுங்க இவ்வளவு கூலி கேட்டா நாங்க எப்படித் தொழில் பண்றது?"ன்னார். அப்பா ஒண்ணும் சொல்லல. டீக்கு மட்டும் அவரைக் காசு குடுக்க விடல. பாக்கெட்ல தேடித் தேடி ரெண்டு டீக்கும் இவரே சில்லறை எடுத்துக் குடுத்தார்.

தாராபுரத்தான்

கம்பெனிக்கு வெளியவும் ஒண்ணு சொல்றேன். எங்கம்மா வெங்காயக் காட்டுல களையெடுக்கப் போவாங்க. தோட்டக்காரர் கூலியை வருஷக்கணக்கா ஏத்தவே இல்ல. நூறு நாள் வேலை வந்த பின்னாடி ஒருநாள் காலைல ஆள் கூப்பிட வந்தவர்கிட்ட, வாசல்ல சாணி தெளிச்சுட்டே, நிமிந்துகூடப் பாக்காம, "இன்னைக்கு ஏரி வேலைக்குப் போறமுங்க"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரமே 50 ரூபா ஏறுச்சு. கூடவே பத்து மணி டீயும் பஜ்ஜியும் நின்னுபோச்சு.

சட்டம் தெரிஞ்சவன்

அதுல ஒரு திருத்தம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல 2024-25-ல 319 ரூபான்னு அறிவிச்சாங்க, ஆனா வேலையை அளந்து போடறதால கைக்கு வந்தது பல இடத்துல அதைவிடக் கம்மி. அதனால தோட்டக்காரர் பயந்தது கூலிக்கு இல்ல, ஆள் கெடைக்காதுங்கறதுக்குத்தான்.

தாராபுரத்தான்

அதைத்தானுங்க நானும் சொன்னேன். ஆம்பளைக் கூலி எவ்வளவு ஏறுச்சுன்னு கேளுங்க மொதல்ல. அவங்களுக்கு 100.