மலையேற்றத்தில் இழுவை விடும் பழைய 407: டீசல் எங்கே தடைப்படுகிறது?

கேள்வி: குடியாத்தம் வண்டி உரிமையாளர்

ஐயா, வணக்கம். டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர் கொண்ட பழைய டாடா 407 ஒன்றை வைத்திருக்கிறேன். குடியாத்தம் தோப்புகளில் தேங்காய் ஏற்றி, பேரணாம்பட்டு வழியாக வெங்கடகிரிக்கோட்டைக்குக் கொண்டு செல்வதும், அங்கிருந்து தக்காளிப் பெட்டிகளுடன் இறங்கி வருவதுமே அதன் அன்றாட வேலை.

சமவெளியில் பாரத்தோடு ஓடும்போது குறை எதுவும் தெரிவதில்லை. மலைச்சாலையில் ஏறத் தொடங்கிச் சற்று நேரம் ஆனதும், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்திருக்கும்போதே இன்ஜினின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. மூன்றாம் கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாம் கியரும் போதாமல் முதல் கியருக்கு வர வேண்டியிருக்கிறது. ஓரமாக நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து எடுத்தால் மீண்டும் இழுக்கிறது, ஆனால் சிறிது தூரத்திலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வெயில் நேரத்தில் இது அதிகம். கரும்புகை வருவதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு வழக்கத்தைவிட நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியுள்ளது.

டீசல் ஃபில்டர்கள் இரண்டையும் மாற்றி, ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்தாகிவிட்டது. வண்டியைப் பார்த்த பட்டறையில், டீசல் பம்பைக் கழற்றி முழுவதும் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பெருந்தொகை ஆகும் என்பதால், பம்பில்தான் குறை இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ள வழி உண்டா என அறிய விரும்புகிறேன்.

பதில்: ராணிப்பேட்டை லாரி ஓட்டுநர்

தம்பி, பம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்குவதாகும். நீங்கள் இன்ஜின் வேகமே குறைகிறது என்று எழுதியிருப்பதால் கிளட்சை விட்டுவிடலாம். அடுத்து, ஒருவரை உள்ளே அமர்த்தி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்பில் உள்ள நெம்புகோல் கடைசித் தடுப்பு வரை சென்று முட்டுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். இணைப்புக் கம்பி தேய்ந்தும் புஷ் ஆடியும் போன பழைய வண்டிகளில் மிதி தரையைத் தொட்டாலும் நெம்புகோல் முக்கால் தூரம்தான் போகும். இதைப் பார்க்காமலேயே பம்பைக் கழற்றிய வண்டிகளைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த முறை இழுவை குறையும்போது டீசல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஏறினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

பதில்: வாலாஜா வாசகர்

இப்போது வரும் டீசல்தான் காரணம் என்பது என் கருத்து. கந்தகத்தைக் குறைத்த பிறகு பழைய பம்புகள் வழவழப்பின்றித் தேய்ந்துவிடுகின்றன. பம்பில் டீசல் அளவைக் கூட்டும் திருகு ஒன்று இருக்கிறது. அதைச் சிறிது திருப்பிவிட்டால் மலை ஏறிவிடும். என் வண்டியில் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: ஆற்காடு டீசல் பம்ப் பட்டறைக்காரர்

வாலாஜா நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது; அதற்கு முந்தைய நிலையில் 50 பங்கு வரை இருக்கலாம். கந்தகத்தை நீக்கும் முறையிலேயே டீசலின் இயல்பான வழவழப்பும் குறைந்துவிடுகிறது என்பதும் சரிதான். ஆனால் அதை ஈடுசெய்யும் சேர்மானம் கலந்து, தேய்மானச் சோதனையில் உலோகத்தில் விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டாத டீசலைத்தான் விற்க வேண்டும் என்று தர நிர்ணயம் இருக்கிறது. புதிய டீசலால் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியக்கூடும் என்பதையே நான் கவனிக்கச் சொல்வேன். அளவுத் திருகைத் தொட வேண்டாம். பம்புக்குள் வந்து சேராத டீசலைத் திருகு கொண்டு கூட்ட முடியாது. பின்னர் குறை சரியானதும் வண்டி கரும்புகை கக்கி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது புகைச் சோதனையில் நின்றுவிடும்.

குடியாத்தம் அன்பருக்கு: உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. இழுவை இல்லாமல் கரும்புகையும் வந்தால், டீசல் போகிறது, காற்று போதவில்லை அல்லது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் சரியாகத் தூவவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உயரம் கூடுவதால் டர்போ இல்லாத இன்ஜினுக்கு 100 மீட்டருக்குச் சுமார் ஒரு விழுக்காடு திறன் குறைவதுண்டு. அதுவும் புகையோடுதான் தெரியும். புகையே இல்லாமல் இழுவை போகிறது என்றால் இன்ஜினுக்கு டீசல் பற்றவில்லை. நிறுத்தி எடுத்தால் சிறிது தூரம் ஓடுகிறது என்பது, ஓட்டம் மெதுவாக இருக்கிறதே தவிர முற்றாக நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. நிற்கும் நேரத்தில் ஃபில்டர் கிண்ணங்கள் நிரம்பிக்கொள்கின்றன.

இரண்டாவது தடயம் காலை ஸ்டார்ட். இந்த வண்டியில் டேங்க் சேஸிஸின் பக்கவாட்டில், ஃபீட் பம்பைவிடத் தாழ்வாக இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய டீசல் பம்புக்கு அனுப்பும் சிறிய பம்புதான் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் உறிஞ்சும் விசை மட்டுமே வேலை செய்வதால், அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வண்டிக்கு அடியில் தரை உலர்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்ட இயலாது. இரவு நின்றதும் அந்த ஓட்டை வழியே காற்று ஏறி, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடிப்பதெல்லாம் அதை மறுபடி மேலே கொண்டுவருவதற்குத்தான்.

காற்றுக் கசிவும் அடைப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. டேங்கில் இறங்கும் குழாயின் வலை அடைத்திருந்தால் உறிஞ்சும் விசை அளவுக்கு மீறி ஏறும். சாதாரண நேரத்தில் தாங்கும் பழைய வாஷரும் கிளிப்பும் அந்த விசையில் காற்றை விட்டுவிடும். ரப்பர் குழாயின் உள்வரி உரிந்திருந்தாலும் இதே கதைதான்: வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும், பாரம் ஏறி உறிஞ்சல் கூடும்போது, சப்பிப்போன குழல் வழியே இளநீர் குடிப்பதைப் போல உள்ளே ஒட்டிக்கொள்ளும். எனவே கிளிப்புகளை இறுக்குவதோடு நிறுத்தினால் குறை ஒளிந்துகொள்ளுமே தவிரத் தீராது. வெயிலில் அதிகமாவதற்கும் காரணம் உண்டு. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது, பம்பிலிருந்து திரும்பி வரும் சூடான டீசலே மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த ஃபீட் பம்பின் பிஸ்டனைச் சுற்றி நழுவுகிறது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஃபீட் பம்புக்கு உள்ளே வரும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாக இணைத்து, ஐடிலிலும், இன்ஜின் வேகத்தை நன்றாக ஏற்றியும் பாருங்கள். ஐடிலில் குமிழி இல்லாமல், வேகம் ஏற ஏற நுரை வந்தால் குறை டேங்கின் பக்கம். உறுதிசெய்துகொள்ள, சுத்தமான டீசல் நிரம்பிய கேன் ஒன்றை ஃபீட் பம்பைவிட உயரமான இடத்தில், எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து தள்ளி, கேபினுக்கு வெளியே அசையாமல் கட்டி, அதிலிருந்து நேராகக் குழாய் கொடுத்து அதே ஏற்றத்தில் பாரத்தோடு ஓட்டுங்கள். ரிட்டர்ன் குழாய் பழையபடி டேங்குக்கே போகட்டும்; கேன் வேகமாகக் காலியாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேனில் ஓடும்போது இழுவை முழுவதும் திரும்பினால் உங்கள் பம்பைக் கழற்றத் தேவையே இல்லை. பம்ப் வேலை எனக்குத்தான் வருமானம். ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

குழாய்களைக் கழற்றிய பிறகு ஏர் எடுக்காமல், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல், ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஃபில்டரின் தலையில் உள்ள திருகைத் தளர்த்திக் கை பம்பால் குமிழியில்லாத டீசல் வரும்வரை அடித்து இறுக்கி, அடுத்து பம்பில் உள்ள திருகுக்கு வாருங்கள். நாசில் நட்டைத் தளர்த்த நேர்ந்தால் கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

கேள்வி கேட்டவர்

ஐயா, விரிவான விளக்கத்துக்கு நன்றி. ராணிப்பேட்டை அண்ணா சொன்னபடி பார்த்தேன். நெம்புகோல் முழுவதும் போகிறது, மூடியைத் திறந்து ஓட்டியும் மாற்றமில்லை. ஒளிபுகும் குழாயில் ஐடிலில் தெளிவாக இருந்த டீசல், வேகம் ஏற்றியதும் நுரைத்தது. டேங்கைக் கழற்றியபோது அடியில் கறுப்பாகக் கொழகொழவென்று படிந்திருந்தது. உறிஞ்சு குழாயின் வலை பாதிக்கு மேல் மூடியிருந்தது. சேஸிஸ் குழாயையும் ஃபீட் பம்பையும் இணைக்கும் ரப்பர் குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்ததில் உள்வரி ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. டேங்கைக் கழுவி, வலையைச் சுத்தம் செய்து, குழாயையும் செம்பு வாஷர்களையும் மாற்றிவிட்டேன். இப்போது காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, குழாயில் குமிழியும் இல்லை.

மலையில் முன்பைவிட நன்றாகவே ஏறுகிறது. ஆனால் முழுப் பாரத்தோடு செங்குத்தான வளைவுகளில் இன்னமும் சற்று மூச்சு வாங்குகிறது. கேன் வைத்து ஓட்டியபோதும் அவ்விடத்தில் இதே நிலைதான். இப்போதாவது பம்பைக் கழற்ற வேண்டுமா?

பதில்: ஆற்காடு டீசல் பம்ப் பட்டறைக்காரர்

இன்னும் இல்லை. கேனிலும் அதே குறை என்பதால் டேங்கின் பக்கம் முடிந்தது. ஃபீட் பம்ப் முதல் ரிட்டர்ன் வரையுள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். ஃபீட் பம்பின் உள்வாயில் சிறிய வலை ஒன்று இருக்கும். அதைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகு பெரிய பம்பிலிருந்து டீசல் திரும்பிச் செல்லும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது சாதாரண போல்ட் அல்ல, ஸ்பிரிங்கும் குண்டும் கொண்ட ஓவர்ஃப்ளோ வால்வு. பம்பின் வயிற்றுக்குள் 1 முதல் 1.5 பார் வரை அழுத்தத்தை நிறுத்திவைப்பது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் அழுத்தமில்லாமல் தாராளமாக டேங்குக்கே ஓடிவிடும். பாரம் இல்லாதபோது தெரியாது, முழு அளவு தேவைப்படும்போது, நாசில்களுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் எலிமென்டுகள் நிரம்பாமல் போகும்.

வண்டியை நிறுத்தி, வேகத்தை ஏற்றியபடி, ரிட்டர்ன் ரப்பர் குழாயைச் சில விநாடிகள் இடுக்கியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஃபீட் பம்பின் அழுத்தத்தை அதன் ஸ்பிரிங்கே கட்டுப்படுத்துவதால் இவ்வளவில் எதுவும் உடையாது. இன்ஜின் சத்தம் கெட்டியானால் வால்வின் மீது சந்தேகம் கொள்ளலாம். அழுத்தமானி கிடைத்தால் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் பொருத்திப் பார்ப்பதுதான் நிச்சயம்.

கேள்வி கேட்டவர்

கழற்றிப் பார்த்தேன், ஐயா. அங்கே வால்வே இல்லை. நடுவில் துளையுள்ள சாதாரண பேஞ்சோ போல்ட்தான் இருந்தது. எனக்கு முன்பு வண்டி வைத்திருந்தவரின் காலத்தில் யாரோ மாற்றியிருக்க வேண்டும், வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேலூரில் பழைய அளவுக்கே ஓவர்ஃப்ளோ வால்வு கிடைத்தது. பொருத்திய பின், தேங்காய்ப் பாரத்தோடு அதே வளைவுகளை மூன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஏறிவிட்டது. டேங்கில் மறுபடி கசடு சேராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: ராணிப்பேட்டை லாரி ஓட்டுநர்

தம்பி, மாலையில் வண்டியை நிறுத்தும்போது டேங்கை முக்கால்வாசியாவது நிரப்பி வையுங்கள். காலி இடத்தில் உள்ள ஈரக் காற்று இரவில் குளிர்ந்து நீராக இறங்கும், அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையில்தான் நீங்கள் பார்த்த கறுப்புக் கொழகொழப்பு வளர்கிறது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, இன்ஜினை எடுப்பதற்கு முன், ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். இப்போது டேங்கைக் கழுவியிருப்பதால் மீதமிருந்த தூசு கிளம்பி வரும். முதல் ஃபில்டரை வழக்கமான காலத்துக்குக் காத்திராமல் சீக்கிரமே ஒரு முறை மாற்றிவிடுங்கள்.