துளைத் தரவில் வரைந்த குறுக்குவெட்டில் இரண்டு துளைகள் மலையேறி நிற்கின்றன: பிழை எங்கே?

கேள்வி (தொழினுட்ப உதவியாளர், திருகோணமலை)

வணக்கம். உப்புவெளிக் கடற்கரையில் தொடங்கி கன்னியாப் பக்கமாக உள்ளே செல்லும், ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான ஒரு கோட்டில் எங்கள் அலுவலகத்துக்காக நிலத்தடி மண்ணையும் பாறையையும் அறிய 11 துளைகள் இடப்பட்டன. அவற்றின் ஆழம் 6 மீற்றர் முதல் 24 மீற்றர் வரை வேறுபடுகிறது. மணல், சாம்பல் நிறக் களி, எச்சமண் (பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து உண்டான மண்), வானிலையாலழிந்த பாறை, உறுதியான நைஸ் பாறை என்று பதிவேட்டில் இருந்ததை அப்படியே றொக்வேர்க்ஸ் மென்பொருளில் ஏற்றி, நிலத்தை நிலைக்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டு வரைந்தேன். வந்த படத்தை மேலதிகாரியிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது.

6ஆம், 7ஆம் துளைகள் மற்றவற்றைவிடச் சுமார் 90 மீற்றர் உயரத்தில் நிற்கின்றன. அந்த இடம் தட்டையான தரை. அங்கே அப்படியொரு மலை இருந்திருந்தால் நான் நாள்தோறும் சைக்கிளில் ஏறி இறங்கியிருப்பேன். 4ஆம் துளை படத்தில் இல்லவே இல்லை. கரையோரத்துக் களி, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே 10ஆம் துளையில் இருக்கும் களியோடு ஒரே படையாக நீண்டு இணைந்து, நடுவில் பாறைக்கு அடியிலும் புகுந்து செல்கிறது. 8ஆம் துளையில் மட்டும் பாறை 5 மீற்றரில் தொடங்குகிறது; இரு பக்கத்துத் துளைகளிலும் அது 17, 18 மீற்றரில்தான் வருகிறது. ஆகவே அவ்விடத்தில் பாறை ஊசிபோல எழுந்து நிற்கிறது. துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியை மென்பொருள் நிரப்பும் கணிப்பு முறையை நான்கு தடவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி (ஓய்வுபெற்ற நில அளவையாளர், மூதூர்)

தம்பி, கணிப்பு முறையை இப்போதைக்குத் தொடாதீர்கள். துளை வாய்களின் ஆள்கூறுகளும் மட்டங்களும் உள்ள அட்டவணையை மட்டும் இங்கே இடுங்கள். அந்த மட்டங்களை யார், எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. 5ஆம் துளை 2.9 மீற்றர், 6ஆவது 91.4, 7ஆவது 91.1, மற்றவை எல்லாம் 2 மீற்றருக்கும் 9 மீற்றருக்கும் இடையில் உள்ளன. கிழக்காள்கூறு 4ஆம் துளைக்கு 250 ஆயிரத்தில் தொடங்குகிறது, மற்றவற்றுக்கு 550 ஆயிரத்தில். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 6ஆம், 7ஆம் துளைகளின் மட்டங்கள் எனக்கு வந்த கோப்பில் −91.4, −91.1 என்றே இருந்தன. தரை கடல்மட்டத்துக்குக் கீழே 91 மீற்றரில் இருக்க முடியாது, தட்டச்சில் நேர்ந்த தவறாக இருக்கும் என்று எண்ணிக் கழித்தல் குறியை நான்தான் நீக்கினேன். அந்த இரண்டையும் மாரி மழைக்குப் பின் வேறொரு குழு செய்மதிக் கருவியால் அளந்தது. மற்றவை கடல்மட்டத்திலிருந்து மட்டமானியால் அளக்கப்பட்டவை. அந்தக் குழு சரிபார்ப்புக்காக 5ஆம் துளையையும் அளந்து −91.0 என்று குறித்திருக்கிறது.

மறுமொழி (ஓய்வுபெற்ற நில அளவையாளர், மூதூர்)

அந்தக் கழித்தல் குறி பிழையன்று தம்பி. அந்தக் கோப்பில் இருந்த மிகப் பெறுமதியான குறியே அதுதான். செய்மதிக் கருவி நேரடியாகத் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. பூமியின் வடிவத்துக்குப் பதிலாகக் கணிதத்தில் எடுத்துக்கொள்ளும் நீள்கோளத்தின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. உண்மையான கடல்மட்டத்தைப் பிரதிபலிக்கும் ஜியோயிட் பரப்பு சில நாடுகளில் அந்த நீள்கோளத்துக்கு மேலேயும் சில நாடுகளில் கீழேயும் கிடக்கும். உலகிலேயே அது மிகத் தாழ்ந்து, ஏறத்தாழ 106 மீற்றர் கீழே கிடப்பது எங்களுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் இலங்கை இருப்பதால், எங்கள் கடற்கரையில் நின்று திருத்தமில்லாமல் அளந்தால் கருவி 90 மீற்றருக்கு மேற்பட்ட கழித்தல் பெறுமானத்தைத்தான் காட்டும்.

உங்கள் அதிர்ஷ்டம், 5ஆம் துளை இரண்டு முறையிலும் அளக்கப்பட்டிருக்கிறது. 2.9க்கும் −91.0க்கும் இடையிலான வேறுபாடு 93.9. இதனை மற்ற இரண்டோடும் கூட்டினால் 6ஆம் துளை 2.5, 7ஆம் துளை 2.8 மீற்றர். இவ்வளவு கிட்டிய தூரத்துக்கு இந்த ஒரே திருத்தம் போதும்.

4ஆம் துளையின் ஆள்கூறு பழைய வலையமைப்பில் உள்ளது. அதில் உற்பத்திக்கு, அதாவது ஆள்கூறுகளை எண்ணத் தொடங்கும் புள்ளிக்கு, பூச்சியத்துக்குப் பதிலாக 200,000 என்று பெயரளவில் கொடுக்கப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டின் அளவை ஆதாரத்தைக் கொண்ட புதிய வலையமைப்பில் அது 500,000 ஆயிற்று. கிழக்கு, வடக்கு இரண்டோடும் 300,000 கூட்டுங்கள். மீற்றர் அளவில் சிறு வேறுபாடு எஞ்சும். ஆனால் இரண்டு கிலோமீற்றர்க் குறுக்குவெட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. எல்லைக்கல் நடுவதற்கு மட்டும் இந்தக் குறுக்கு வழியைப் பயன்படுத்தாதீர்கள்.

மறுமொழி (நிலத்தடி ஆய்வுப் பொறியியலாளர், திருகோணமலை)

மட்டத்தை ஐயா தீர்த்துவிட்டார். களியும் ஊசிப் பாறையும் வேறு வகைச் சிக்கல்கள்.

நீங்கள் தரவை இட்டது பாறைவகை அட்டவணையில். அதற்குக் களி என்றால் எங்கே இருந்தாலும் களிதான்; கடல் படியவைத்த சாம்பல் களியும், நைஸ் பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து உண்டான செங்களியும் அதன் கண்ணுக்கு ஒன்றே. படைவரிசை அட்டவணை வேறு. அதில் ஒவ்வொரு படைக்கும் ஒரு துளையில் ஒரு மேல்மட்டமும் ஒரு கீழ்மட்டமும் மட்டுமே இருக்க முடியும், மேலிருந்து கீழான ஒழுங்கும் எல்லாத் துளைகளிலும் மாறாதிருக்க வேண்டும். ஆகவே எந்தக் களி எந்தப் படைக்குரியது என்பதை நீங்களே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதை மென்பொருளிடம் விட முடியாது. மாதிரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிப்பித் துண்டுகள் இருந்தால், சேற்று நாற்றம் அடித்தால் அது கரையோரக் களி. நகத்தால் கீறும்போது பழைய பாறையின் வரிகள் நிறம் மாறி மாறித் தெரிந்தால், மைக்கா மினுங்கினால், அது எச்சமண். கரையோரக் களி ஒரு துளையில் இல்லையென்றால் அங்கே அதன் தடிப்பு பூச்சியம் என்று கொடுங்கள். வெறுமையாக விட்டால் அயல் துளைகளின் பெறுமானத்தைக் கொண்டு மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும்.

8ஆம் துளையைப் பற்றி ஒரு கேள்வி: பாறைக்குள் எவ்வளவு தூரம் துளைத்தார்கள்?

கேட்டவர்

ஊடுருவல் சோதனையில் சம்மட்டியால் 50 தடவை அடித்தும் குழாய் இறங்கவில்லை என்று 5.0 மீற்றரில் குறித்திருக்கிறார்கள். அதன் பின் 1.2 மீற்றர் பாறைக்கருவை (துளைத்தெடுத்த உருளைவடிவப் பாறை மாதிரியை) எடுத்துவிட்டு, 6.2 மீற்றரில் நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டிகளை இன்று பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோலவே 10ஆம் துளையின் களியில் சிப்பி இல்லை, வரிகள் தெளிவாகத் தெரிகின்றன.

மறுமொழி (நிலத்தடி ஆய்வுப் பொறியியலாளர், திருகோணமலை)

அப்படியென்றால் அதை அடிப்பாறை என்று எழுத எனக்குக் கை வராது. எங்கள் பகுதி நைஸ் பாறை, மூட்டுக்கள் எனப்படும் வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, மூலைகளிலிருந்து உருண்டையாகச் சிதைவது வழக்கம். சிதையாத நடுப்பகுதி பெரிய உருண்டைக் கல்லாக எச்சமண்ணுக்குள் மிதப்பதுபோலக் கிடக்கும். ஆள் உயரக் கல்லும் உண்டு. அதன் மேல் துளைக்கருவி பட்டால் 1.2 மீற்றருக்கும் அழகான பாறைக்கரு வரும். அதனால்தான் அடிப்பாறையை உறுதிசெய்யக் குறைந்தது 3 மீற்றராவது தொடர்ந்து துளைப்பது வழக்கம்.

பாறைவகை அட்டவணையில் அந்தக் கல்லை அப்படியே வைத்திருங்கள். படைவரிசையில் 8ஆம் துளைக்கு அடிப்பாறை மட்டத்தைக் கொடுக்காதீர்கள். 7க்கும் 9க்கும் இடையே பாறைக் கோட்டை முறிகோடாக வரைந்து, மேலே ஒரு கேள்விக்குறி இடுங்கள்.

இன்னொன்று. ஏ3 தாளில் 2 கிலோமீற்றரை 40 சென்ரிமீற்றரில் வரைந்தால் 25 மீற்றர் ஆழம் வெறும் 5 மில்லிமீற்றர்தான், ஆகவே நிலைக்குத்தாகப் 10 மடங்கு மிகைப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அதைப் படத்திலேயே எழுதுங்கள். 3 பாகைச் சரிவு அப்போது ஏறக்குறைய 28 பாகைபோலத் தெரியும்.

கேட்டவர்

மட்டங்களைத் திருத்தியதும் மலை மறைந்தது, 4ஆம் துளையும் வந்து சேர்ந்தது. களி இப்போது 3ஆம் துளைக்கு அப்பால் மெலிந்து முடிகிறது. துளைக்கருவி வேறு வேலைக்குப் போய்விட்டதால் 8ஆம் துளையை மீண்டும் இட வழியில்லை. கேள்விக்குறியைப் பார்த்த மேலதிகாரி, கட்டட உரிமையாளர் பயந்துவிடுவார், எடுத்துவிட முடியாதா என்று கேட்கிறார்.

மறுமொழி (நிலத்தடி ஆய்வுப் பொறியியலாளர், திருகோணமலை)

எடுக்காதீர்கள். அதைக் கண்டால்தான் அத்திவாரம் போடுபவர் அந்த இடத்தில் தூணை இறக்குமுன் ஒரு துளை கேட்பார். இல்லையென்றால் 5 மீற்றரில் பாறை என்று நம்பி, ஒரு தூணை உருண்டைக் கல்லின் மேல் இருத்திவிடுவார். இதை இப்படியே மேலதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்

சொன்னேன். கேள்விக்குறி இருக்கட்டும் என்றார். "8ஆம் துளை 6.2 மீற்றருக்குக் கீழ் துளைக்கப்படவில்லை" என்ற குறிப்பையும் படத்தின் அடியில் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.