எடிட்டரில் ஐகான் நிறம் கெட்டுப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

உட்லண்ட்ஸ்_வாசி:
ஈமேக்ஸ் எடிட்டரை, மெனுவும் பொத்தானும் வரையும் லூசிட் டூல்கிட்டோடு, மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன். வண்ண ஐகான் படங்களைப் படிக்கும் எக்ஸ்பிஎம் லைப்ரரி இல்லையென்று, கம்பைலுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் பாதியில் நின்றது. இரவு பதினொன்று, மறுநாள் காலை ஷிஃப்ட். 'வித்-எக்ஸ்பிஎம்=நோ' என்று கொடுத்து ஓட்டிவிட்டேன். திறந்தால் டூல்பார் முழுக்கக் கறுப்பு வெள்ளை. இரண்டு வாரம் எடிட்டரின் நிற அமைப்பை (தீம்) திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் 'இமேஜ்-டைப்-அவைலபிள்-பி' போட்டு எக்ஸ்பிஎம் உண்டா என்று கேட்டால், கீழே 'நில்' (nil, அதாவது இல்லை) என்று வந்தது. வேண்டாம் என்று சொன்னவனே நான்தான்! அந்த லைப்ரரிக்கான லிப்எக்ஸ்பிஎம்-டெவ் பொதியைப் போட்டு மறுபடி கம்பைல் செய்ததும் நிறம் வந்துவிட்டது.

தெம்பனிஸ்_தம்பி:
எனக்கு நோட்பேட்++. வாடிக்கையாளர் சர்வரை, தூரத்துக் கணினியின் திரையை இங்கே காட்டும் விஎன்சி வழியாகத் திறந்திருந்தேன். சேமித்தால் டேபில் நீல டிஸ்க், சேமிக்காவிட்டால் சிவப்பு, தெரியும்தானே. நான் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் சிவப்பு. ஒரு எழுத்து தட்டினால் நீலம். பத்து முறை சேமித்திருப்பேன், வியர்த்துவிட்டது. அப்புறம்தான் விண்டோவைச் சுருக்கினேன்: நீலமாக இருக்க வேண்டிய டெஸ்க்டாப் ஆரஞ்சாகக் கிடந்தது. விஎன்சியில் வரும் படத்தில் சிவப்பும் நீலமும் பைட் வரிசையில் இடம் மாறியிருக்கின்றன. கோப்பு முதல் தடவையே பத்திரமாகச் சேமிக்கப்பட்டுவிட்டது.

கோப்பிக்கடை_மாமா:
டூல்பாரே எதற்கு? ஈமேக்ஸ் இனிட் கோப்பில் 'டூல்-பார்-மோட் -1' என்று ஒரு வரி போதும். ஜிவிம் எடிட்டர் என்றால் ஜியுஐஆப்ஷன்ஸ் அமைப்பில் பெரிய 'டி'யைக் கழித்துவிடுங்கள். தம்பி, நீ விஎன்சி வியூவரில் நிற ஆழத்தை மாற்றிப் பார், முழு நிறத்துக்குக் கொண்டு போ. அப்படியே நோட்பேட்++ஐயும் புதுசாக்கு. 2021இல் வந்த 8.0 முதல் டார்க் மோட் இருக்கிறது. பிரிஃபரன்ஸஸில் டூல்பார் பக்கத்தில் ஃபுளூயன்ட் ஐகான்களும் இருக்கும். என் கதை சின்னது: ஜிடிகே என்ற டூல்கிட்டில் எழுதிய நிரலுக்கு நானே வரைந்த கறுப்பு ஐகான், இருண்ட தீமில் காணாமல் போனது. பெயர் முடிவில் '-சிம்பாலிக்' சேர்த்தேன், எழுத்தின் நிறத்துக்கே மாறிக்கொண்டது.

உட்லண்ட்ஸ்_வாசி:
மாமா, டூல்பாரை எடுக்க வழி கேட்டேனா? அப்பா அதில்தான் கோயில் கணக்கு எழுதுகிறார். கத்தரிக்கோல் படத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார்.

தெம்பனிஸ்_தம்பி:
மாமா, ஆழத்தை மாற்றிப் பார்த்தாச்சு, அசையவில்லை. சர்வர் பக்கம் கைவைக்க அவர்கள் விடுவதில்லை. அங்கே நுழைந்தால் இன்னும் எனக்குச் சிவப்புதான் 'சேமித்தாயிற்று'.