காய்ச்சல் இல்லாமல் வந்த ஃப்ளூ: வார்டில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நர்ஸ், மெடிசின் வார்டு, சென்னை:
ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் வார்டில் ஒரு பெட் காலி இருக்காது. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டெங்குவா சிஸ்டர்? பிளேட்லெட் எவ்வளவு?" ஃப்ளூ யார் நினைப்பிலும் வராது. இத்தனைக்கும் அதுவும் இதே மழையில்தான் இங்கே ஏறுகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவி, தமிழ்நாடு முழுக்க 1000 காய்ச்சல் முகாம் போட்டபோதுதான் நிறைய பேர் அந்தப் பேரையே கேட்டார்கள்.

பாத்ரூமில் விழுந்துவிட்டார் என்று ஒரு தாத்தாவைக் கொண்டுவந்தார்கள். "நேத்திலேர்ந்து ஆளையே அடையாளம் தெரியலை, ஏதேதோ பேசறார்" என்றார் மருமகள். ஸ்ட்ரோக்கோ என்று தலையை ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இல்லை. சூடு 99தான். விரலில் கிளிப்பை மாட்டினால் ஆக்சிஜன் 88க்கு இறங்கியிருந்தது. மூக்கில் ஸ்வாப் எடுத்து அனுப்பினோம், எச்3என்2 என்று வந்தது. வயதானவர்களுக்குப் பல சமயம் இப்படித்தான்: சூடு ஏறாது, சாப்பாடு குறையும், புத்தி தடுமாறும், சர்க்கரை எகிறும்.

2009இல் வந்த பன்றிக்காய்ச்சலும் ஃப்ளூதான், ஆனால் நேரெதிர். அப்போது சின்ன வயசுக்காரர்களும் கர்ப்பிணிகளும்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்று சீனியர் அக்காக்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

இன்னொரு தினுசும் உண்டு. நாலைந்து நாளில் தேறி, கஞ்சி குடித்து, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். அப்புறம் திடீரென்று மறுபடி குளிர்ஜுரம், மஞ்சள் சளி. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா புகுந்திருக்கும். எனக்கு முதல் ஜுரத்தைவிட இதில்தான் பயம் அதிகம்.

மகள், திருச்சி:
அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "போன வாரம் சளி, ஜுரம் இருந்ததா?" இருந்தது. வெறும் இருமல் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறதாம். அதை அப்புறம்தான் படித்தேன்.

பேரன், மதுரை:
எங்கள் பாட்டி இடுப்பு ஆபரேஷனுக்குப் போய் ஃப்ளூவோடு திரும்பினார். பக்கத்து பெட்காரரைப் பார்க்க வந்த ஒரு பட்டாளமே இருமிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் தடுக்கவில்லை. சிஸ்டர், ஃப்ளூ ஆரம்பித்து 48 மணி நேரம் தாண்டினால் அதற்கான மாத்திரை கேட்காது என்கிறார்களே?

நர்ஸ், மெடிசின் வார்டு, சென்னை:
சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது, அது சரி. ஆனால் அட்மிட் ஆகிற அளவுக்கு முடியாதவர்களுக்கு அந்தக் கணக்கைப் பார்த்து நிறுத்த மாட்டார்கள் தம்பி. ஸ்வாப் ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓசெல்டாமிவிர் என்ற அந்த ஃப்ளூ மாத்திரையை எழுதிவிடுவார்கள், பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், இரண்டு வேளை, ஐந்து நாள். கிட்னி சரியில்லை என்றால் டோஸைக் குறைப்பார்கள். பார்க்க வரும் கூட்டத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். மாஸ்க் போடச் சொன்னால் பழக்கூடையை நீட்டுகிறார்கள்.