எடைமேடை விண்டோஸ் 7-இன் ஷேர் ஃபோல்டர் புது விண்டோஸ் 11-இல் மட்டும் திறக்கவில்லை

பெங்களூரா:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆபீஸில் கேபிளைப் பிடுங்கி மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்த வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது.

எடைமேடை அறையில் ஒரு விண்டோஸ் 7 இருக்கிறது. எடை காட்டும் பெட்டியிலிருந்து ஒன்பது பின் சீரியல் கேபிள் அதற்குத்தான் வருகிறது. சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார், அதனால் அந்த மெஷினை மாற்ற வழியில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு ஃபைல் அதன் ஷேர் ஃபோல்டரில் விழும். ஆபீஸிலிருந்து அதைத் திறந்து பில் போடுவோம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவச அப்டேட் முடிந்தது என்று முதலாளி நான்கு விண்டோஸ் 11 ப்ரோ வாங்கிப் போட்டார். 11 ஏறாத பழைய மெஷின் இரண்டில் டெக்னீஷியன் உபுண்டு ஏற்றிவிட்டார். லேபிள் டிசைன் செய்கிறவர் மேக்புக்கோடு வருவார். ஒரு விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது. ஆபீஸா கண்காட்சியா என்று எனக்கே சந்தேகம்.

விண்டோஸ் 10-இல் ஃபோல்டர் பழையபடி திறக்கிறது. உபுண்டுவில் பெயர், பாஸ்வேர்ட் கேட்கிறது. எதையாவது தட்டினால் திறந்துவிடுகிறது. புது நான்கில் மட்டும் ஏதோ செக்யூரிட்டி பாலிசி, கெஸ்ட் அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் வருகிறது. அந்த மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் நன்றாகப் போகிறது. இப்போதைக்குப் பென்டிரைவ்தான். வாசலில் இருபது வண்டி காயோடு நிற்கும்போது பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை.

பாலக்கோடு தக்காளி:
ரொம்ப சுலபம் நண்பரே. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய் எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) டிக் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் ஓடுகிறது.

பெங்களூரா:
செய்து பார்த்தேன், அதே மெசேஜ்தான்.

ஓசூர்க்காரன்:
தம்பி, முதலில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எம்பி 1 எக்ஸ்பி காலத்துச் சமாச்சாரம். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 வரை தெரியும், அதற்கு இது தேவையே இல்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். அதில் அதிகம் அடிவாங்கியதும் விண்டோஸ் 7-தான்.

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. "எதையாவது தட்டினால் திறந்துவிடுகிறது" என்றீர்களே, அதுதான் கெஸ்ட். அந்த விண்டோஸ் 7-இல் யாரோ பாஸ்வேர்ட் ஷேரிங்கை ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள், வருகிற எல்லோரும் விருந்தாளி. விண்டோஸ் 10 ப்ரோ இதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 என்ற பதிப்பு முதல், விருந்தாளியாகப் போய் நிற்க மறுக்கிறது. போதாததற்கு நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டிலும் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்கிறது. கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறப்பது. பாஸ்வேர்டே இல்லாத விருந்தாளி எங்கே போவான்?

விண்டோஸ் 7-இல் ஒரு புது யூசர் உண்டாக்குங்கள், பெயர் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கட்டும், பாஸ்வேர்ட் கட்டாயம். நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். ஃபோல்டரில் அந்த யூசருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். ஆனால் ஷேரிங், செக்யூரிட்டி என்ற இரண்டு டேபிலும் கொடுக்க வேண்டும். ஒன்றில் கொடுத்து மற்றதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம், நானும் ஒருநாள் முழுக்கப் பிய்த்துக்கொண்டேன்.

பிறகு விண்டோஸ் 11-இல், பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த ஐபி, யூசர், பாஸ்வேர்ட் சேருங்கள். யூசருக்கு முன்னால் விண்டோஸ் 7-இன் கம்ப்யூட்டர் பெயரும் ஒரு பின்சாய்கோடும் போடுங்கள். ஐபி மாறாமல் நிலையாக வைத்துவிடுங்கள். உபுண்டுவிலும் மேக்கிலும் அதே யூசர்தான்.

இன்னொன்று, அந்த விண்டோஸ் 7-இல் டிஃபால்ட் கேட்வேயை, அதாவது இன்டர்நெட்டுக்குப் போகும் வழியை, அழித்துவிடுங்கள். 2020 ஜனவரியோடு சப்போர்ட் முடிந்த மெஷினுக்கு இன்டர்நெட் எதற்கு?

கம்பைநல்லூர்:
விண்டோஸ் 11-இன் குரூப் பாலிசி செட்டிங்கில் கெஸ்ட்டை அனுமதித்து, கையெழுத்தையும் ஆஃப் செய்தால் ஐந்து நிமிட வேலையாச்சே அண்ணா?

ஓசூர்க்காரன்:
திறக்கும். ஒரு பழைய மெஷினுக்காக நாலு புது மெஷினின் தாழ்ப்பாளைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெங்களூரா:
அண்ணா, நான்கிலும் திறந்தது! செக்யூரிட்டி டேபை நானும் மறந்தேன், உங்கள் பதிவை மறுபடி படித்ததும்தான் பிடிபட்டது.

நான்கு நாள் நன்றாக ஓடியது. இன்று காலையிலிருந்து வேறு தொல்லை. ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் புது சீட்டே வரவில்லை. நேற்றைய சீட்டுதான் மேலே நிற்கிறது. எடைமேடைப் பையன் பதினோரு வண்டி போட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்கிறான். கேட்வேயை அழித்ததாலா?

ஓசூர்க்காரன்:
லோக்கல் நெட்வொர்க்குக்குக் கேட்வே தேவையில்லை, அதனால் இருக்காது. நேற்று அந்த மெஷின் ஆஃப் ஆனதா? அதன் மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

பெங்களூரா:
நேற்று மாதாந்திரப் பராமரிப்பு, பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் லைன் அந்த அறைக்கு வராது, யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. தேதி போய்ப் பார்த்தேன். 2009 ஜனவரி 1. ஃபோல்டரை அடி வரைக்கும் உருட்டினால் பதினோரு சீட்டும் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன!

ஓசூர்க்காரன்:
கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. 2009 தேதி விழுந்ததால்தான் சீட்டுகள் அடிக்குப் போய்விட்டன. சிஆர் 2032, காசு மாதிரி வட்டமாக இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டுத் தேதியைக் கையால் சரிசெய்யுங்கள். கையால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு வருட வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்தாது, பதினைந்து மணி நேரத்துக்குள் இருந்தால்தான் திருத்தும். அப்புறம், இன்டர்நெட்டைத்தான் வெட்டிவிட்டோமே, உபுண்டு மெஷின் ஒன்றில் குரோனி என்ற நேரம் கொடுக்கும் சாஃப்ட்வேரைப் போட்டு உள் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். விண்டோஸ் 7-இன் இன்டர்நெட் டைம் டேபில் அந்த உபுண்டுவின் ஐபியைக் கொடுத்தால் நேரம் அங்கிருந்து வரும்.

பெங்களூரா:
பஸ் ஸ்டாண்ட் வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. குரோனியை டெக்னீஷியன் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். சீட்டு இப்போது மேலே வருகிறது.

பதினோரு பேரிடமும் 2009 தேதி போட்ட சீட்டுதான் இருக்கிறது. முதலாளியிடம் காட்டினேன். "அப்ப அந்த வருஷத்து ரேட்டே போட்டுக் குடுத்துடலாமா?" என்று சிரித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதி திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். மீதி இரண்டு பேருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.