கேட் ரெஜிஸ்டரில் ‘ஏ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா?

வேளச்சேரி நைட் ஷிப்ட்:
வணக்கம். வேளச்சேரியில் ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருக்கிறேன். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். படித்தது தமிழ் மீடியம். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஆன்’, மற்றதற்கு ‘ஏ’ என்று வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ‘ஆன் எலக்ட்ரீஷியன்’ எழுதினேன், தப்பித்தேன். அந்தத் தைரியத்தில் ‘ஆன் யூனிஃபார்ம்’ என்று எழுத, செக்ரட்டரி சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். லிஃப்ட் ரிப்பேர்காரர் ஒரு மணி நேரம் காத்திருந்ததை ‘ஏ ஹவர்’ என்றேன். அதற்கும் சுழி. கேட்டால் “சவுண்டைப் பாருப்பா” என்கிறார். என்ன சவுண்டு?

பெரம்பூர் டியூஷன் அக்கா:
அண்ணா, ‘ஓர் அபார்ட்மென்ட்’, ‘ஒரு மணி நேரம்’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்களே, அதே கணக்குதான். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மறந்துவிட்டு, வார்த்தையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யூனிஃபார்ம் ‘யூ’வில் தொடங்குகிறது. அது உயிர்மெய், அதனால் ‘ஏ’. யு.பி.எஸ்.ஸும் அப்படித்தான். ஹவரில் ஹெச் வாயே திறக்காது, ‘அவர்’ என்றுதான் சத்தம் வரும். அதனால் ‘ஆன் ஹவர்’. எம்.டி.சி. பஸ், எல்.ஐ.சி. ஏஜென்ட், எஃப்.ஐ.ஆர். எல்லாமே ‘ஆன்’.

சைதாப்பேட்டை சித்தப்பா:
அக்கா சொன்னது சரி, ஆனால் நம் நாக்கை முழுசாக நம்பாதீர்கள். எம்.எல்.ஏ.வை நாம் ‘யெம்மெல்லே’ என்போம். அதை நம்பி ‘ஏ’ போட்டு, மனுவை இரண்டு தடவை எழுதியவன் நான். ஒன்வே இதற்கு நேர்மாறு. நாம்தான் ‘ஒன்’ என்கிறோம், அங்கே ‘வன்’. அதனால் ‘ஏ ஒன்வே’.
அப்புறம், இந்த ‘ஆன்’ பிறந்ததே ஒன்று என்ற சொல்லிலிருந்துதான். மெய்யெழுத்துக்கு முன்னால் ‘ன்’ தேய்ந்துபோய் ‘ஏ’ ஆனது. சமையல்காரர் இடுப்பில் கட்டும் ஏப்ரன் ஒரு காலத்தில் ‘நேப்ரன்’. ‘ஏ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லியே வெள்ளைக்காரன் அதை ‘ஆன் ஏப்ரன்’ ஆக்கிவிட்டான். அவர்களுக்கே குழப்பம், நமக்கென்ன வெட்கம்?

வேளச்சேரி நைட் ஷிப்ட்:
நேற்று ராத்திரி 11.40-க்கு பி பிளாக் பாட்டிக்காக வண்டி வந்தது. ‘ஆன் ஆம்புலன்ஸ்’ என்று கை நடுங்காமல் எழுதினேன். (பாட்டி காலையில் வீட்டுக்கு வந்துவிட்டார்.) ஆனால் சி பிளாக்குக்கு வந்ததை ‘ஏ ஃபர்னிச்சர்’ என்று எழுதினேன். சவுண்டு சரிதானே, இதற்கு ஏன் சுழி?

பெரம்பூர் டியூஷன் அக்கா:
இது சவுண்டு சமாச்சாரம் இல்லை அண்ணா. இங்கிலீஷில் ஃபர்னிச்சரை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள், தண்ணீர் மாதிரி. லக்கேஜும் அப்படித்தான். ‘ஏ’ வேண்டாம், ‘ஆன்’னும் வேண்டாம். வந்தது என்ன, கட்டிலா சோபாவா? அதன் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

வேளச்சேரி நைட் ஷிப்ட்:
சோபாதான். ‘ஏ சோபா’ என்று மாற்றிவிட்டேன். சார் பார்த்தார், பேனாவைத் திறக்கவில்லை.