மனதை விட்டுப் போகாத ஒரு சிட்டம்: கைச்சாய நூல், கைநூற்பு நூல் அனுபவங்கள்

பச்சைநூல்

எடின்பரோவில் நடந்த பின்னல் நூல் விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கார்ன் எக்ஸ்சேஞ்ச் மண்டபத்துக்குள் கொஞ்ச நேரம் சுற்றினாலே கண் களைத்துவிடும். எல்லா நிறமும் அழகாகத் தெரியும், எதையும் வாங்கத் தோன்றாது. அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு மூலை மேசையில் அந்தப் பச்சையைப் பார்த்தேன்.

வீட்டிலேயே தனி ஆளாகச் சாயம் போட்டு விற்கும் பெண்மணி. நான் விலை கேட்பதற்குள் சிட்டத்தை, அதாவது முறுக்கி வைத்த நூல் கட்டை, கையில் எடுத்துக்கொண்டு, "இந்த விளக்கில் பார்க்காதீர்கள்" என்று என்னை வாசலுக்கே கூட்டிப் போய்விட்டார். உள்ளே வெறும் பாசிப்பச்சை. வெளியே மேகம் மூடிய பகல் வெளிச்சத்தில் முறுக்கின் மேட்டில் பச்சையும் பள்ளத்தில் கருநீலமுமாகப் பிரிந்து தெரிந்தது. அடிநூல் வெள்ளை இல்லை, ஷெட்லண்ட் ஆட்டின் இயற்கைச் சாம்பல். சாம்பலின் மேல் சாயம் ஏறினால்தான் அந்த ஆழம் வரும். அன்றைக்குப் பானைகளில் மிஞ்சியதை எல்லாம் ஒன்றாக ஊற்றிப் போட்டதாம், திரும்ப வராது என்றார். இருந்த இரண்டையும் வாங்கிவிட்டேன்.

அவர் இப்போது சாயம் போடுவதில்லை. கடையை மூடிவிட்டார். அந்த இரண்டு சிட்டமும் இன்னும் ஊசி ஏறவில்லை. எந்த டிசைனை எடுத்தாலும் இதற்குப் போதாது என்று தோன்றுகிறது.

உங்களுக்கும் அப்படி ஒரு நூல் இருக்கும். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். செய்தவரைப் பார்த்த அந்த நேரத்தை எழுதுங்கள்.

குயிலாப்பாளையம்

எனக்கு அவுரி, செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம். ஆரோவில் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் தரையில் புதைத்த தாழிகளைப் பார்த்தேன். சுண்ணாம்பும் தகரை விதைக் கஷாயமும் சேர்த்துப் புளிக்க வைத்த நீலம். வாடை பலமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். மேலே செப்பு மினுமினுப்போடு ஒரு ஏடு, அதை விலக்கினால் அடியில் மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீர். நீலம் என்று சொல்ல எதுவுமே இல்லை.

நான் கொண்டுபோயிருந்த வெள்ளைக் கம்பளிச் சிட்டத்தைப் பட்டறை அண்ணன் மெதுவாக உள்ளே இறக்கினார். கலக்கக் கூடாதாம், காற்று உள்ளே போய்விடுமாம். சிறிது நேரம் கழித்து வெளியே எடுத்தார். இளம் வாழைக்குருத்து நிறம். கையில் பிடித்தபடியே நிற்கிறார், ஒன்றும் செய்யவில்லை. நுனியிலிருந்து பச்சை கறுத்து, அப்புறம் நீலமாகி, கீழே இறங்கிக்கொண்டே வந்தது. காற்றுப் படப்படத்தான் நிறம் வருகிறது என்று படித்திருந்தேன். படித்ததற்கும் கண்ணெதிரே நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய நகக்கண் பத்திலும் நீலம். அது போகாதா என்று கேட்டேன். "எதுக்கும்மா போகணும்?" என்றார்.

அன்றிலிருந்து பாக்கெட் சாயம் போட்ட நூலைத் தொடவே மனசு வருவதில்லை. இயற்கைச் சாயத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒரு நிறமா?

ஊசி நம்பர் 4

குயிலாப்பாளையம், கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியாது. பச்சைநூல் எழுதிய அந்தப் பச்சையே பெரும்பாலும் நீங்கள் சொல்லும் பாக்கெட் சாயம்தான். தனியாகச் செய்பவர்களில் அதிகம் பேர் ஆசிட் சாயம்தான் பயன்படுத்துகிறார்கள். ஆசிட் என்றால் பயப்பட வேண்டாம், வினிகரோ சிட்ரிக் ஆசிடோதான். லீட்ஸில் ஒரு தோழியின் சமையலறையில் பார்த்தேன். பானையில் ரத்தச் சிவப்பாகத் தண்ணீர், உள்ளே நூல். கொதிக்க விடாமல் சூடு ஏற ஏற, சிவப்பு முழுவதும் நூலுக்குள் போய், கடைசியில் பானையில் தெளிந்த வெந்நீர் மட்டும் நின்றது. ஒரு டம்ளரில் மொண்டு ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். எனக்கு அதுதான் அதிசயம்.

இன்னொன்று. சுண்ணாம்புத் தாழி பருத்திக்குப் பழகியது. கம்பளிக்குக் காரம் ஆகாது, அதிக நேரம் ஊறினால் இழை சொரசொரப்பாகி நைந்துபோகும். கம்பளியை அவுரியில் போடுகிறவர்கள் சுண்ணாம்பைக் குறைத்து, குறைந்த நேரம் முக்கி, முடிந்ததும் வினிகர் கலந்த தண்ணீரில் அலச வேண்டும். அவுரி நூலில் பின்னும்போது விரலில் நீலம் ஒட்டும். அது சாயம் போவதில்லை, மேலே தங்கிய துகள் உரசி வருவது. மூங்கில் ஊசியில் பின்னாதீர்கள், கறை போகாது, உலோக ஊசி எடுங்கள். இயற்கைச் சாயம் எல்லாம் ஒரே தரமும் இல்லை. மஞ்சிட்டி வேரின் சிவப்பு படிகாரத்தோடு நன்றாக நிற்கும். மஞ்சள்கிழங்குச் சாயம் வெயிலில் கண்ணெதிரே வெளுக்கும்.

கைச்சாய நூல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஒரே பெயர், ஒரே நாள், ஒரே பானை என்றாலும் இரண்டு சிட்டம் ஒன்றுபோல் இருக்காது. ஸ்வெட்டர் என்றால் இரண்டிரண்டு வரியாகச் சிட்டத்தை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டது போல் தெரியும். சூப்பர்வாஷ் நூலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குளோரின் கொண்டு கம்பளியின் செதிலைத் தணித்து மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்த நூல் அது. சாயத்தைச் சட்டென்று குடிக்கும், நிறம் பளிச்சென்று வரும். ஆனால் நனைந்ததும் நீளும். அளவுத் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அதற்கப்புறம் அளந்து பாருங்கள்.

குயிலாப்பாளையம்

யாரும் அறிவுரை கேட்கவில்லையே. வினிகர் அலசல் அந்த அண்ணனே செய்துதான் கொடுத்தார், என் நூல் மெத்தென்றுதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தாழி வைப்பவருக்குக் கம்பளிக்கு என்ன ஆகும் என்று தெரியாதா? இருந்தாலும் மூங்கில் ஊசி விஷயத்துக்கு நன்றி.

மலைக்காற்று

சண்டைக்குள் வரவில்லை. ஆனால் இயற்கையா பாக்கெட்டா என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படவில்லை. போட்டவருக்குத் தன் நிறம் தெரியுமா என்பதுதான் கேள்வி.

பெருவில் குஸ்கோ பக்கம் சின்சேரோ. மூச்சு வாங்கும் உயரம். ஒரு பெண் கள்ளிச்செடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகள் பூச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கொச்சினீல். கை முழுக்க அடர்ந்த சிவப்பு. மேலே எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சாக மாறியது. அடுத்து வேறொரு உப்பைத் தூவித் தேய்த்தார், கத்தரிப்பூ நிறம். ஒரே பூச்சி, ஒரே உள்ளங்கை. சுற்றுலாக்காரர்களுக்காகத் தினமும் செய்து காட்டுவதுதான், தெரியும். ஆனாலும் அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் 1996 முதல் குஸ்கோ பாரம்பரிய நெசவு மையம் என்று ஒன்று இயங்குகிறது. நில்தா கல்லாஞாவ்பா அல்வாரெஸ் என்ற சின்சேரோ நெசவாளர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஊர் ஊராகப் பழைய சாயங்களையும் நெசவையும் மீட்டெடுத்தவர்கள். அங்கே பெண்கள் ஆடு மேய்க்கும்போதும் சந்தைக்கு நடக்கும்போதும் தக்ளி போன்ற, கையால் சுழற்றி நூற்கும் கதிரைச் சுழலவிட்டு நூற்றுக்கொண்டே போகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நூல் நெசவுக்கு நூற்றது, முறுக்கு மிக அதிகம். வாங்கிவந்து பின்னினால் கண்ணியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நூலின் குறை இல்லை அது, தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் பாவுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் கார்ட்டர் பின்னலுக்கு மாறினேன், சாய்வு அடங்கிவிட்டது. அந்தச் சிவப்பு நூல் துண்டாக இன்றும் என் தோளில் இருக்கிறது.

வான்கூவர் மாமி

இங்கே வான்கூவர் தீவில் டங்கன் என்று ஓர் ஊர். கௌச்சன் ஸ்வெட்டர் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிப் பெண்களுடையது. நூல் விரல் தடிமன், ஒற்றைப் புரி, சாயமே கிடையாது. வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு எல்லாம் ஆட்டின் நிறம். வயதான அம்மா ஒருவர் நூற்றுக்கொண்டிருந்த இயந்திரத்தைக் குனிந்து பார்த்தால், அடியில் பழைய கால் தையல் மெஷினின் மிதி! அந்தக் காலத்தில் தையல் மெஷினைப் பிரித்துத்தான் நூற்பு இயந்திரம் கட்டினார்களாம்.

நான் வெளியே வந்தபோது மழை. கடை வாசலில் ஒரு பெரியவர் அந்த ஸ்வெட்டரோடு நின்றார். தோளில் தண்ணீர் மணி மணியாக நின்று உருண்டதே தவிர உள்ளே இறங்கவில்லை. கம்பளியின் எண்ணெய்ப் பசையை முழுக்கக் கழுவாமல் விடுவதால் அப்படி. கொஞ்சம் ஆட்டு வாடை வரும்தான். அதை ஷாம்பூ போட்டுப் போக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நெய்தல்

சின்ன அனுபவம்தான். மானோஸ் டெல் உருகுவாய் நூல் வாங்கினேன். 1968 இல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவு. லேபிளில் சாயம் போட்ட பெண்ணின் கையெழுத்தும் அவர் ஊரின் பெயரும் இருந்தன. பேனாவால் எழுதியது. ஊர்ப்பெயரை வரைபடத்தில் தேடினேன், புல்வெளிக்கு நடுவே ஒரு புள்ளி. அவரை நேரில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் பின்னும்போது நீலம் திடீரென்று அடர்ந்து வரும் இடத்தில் எல்லாம், இங்கே அவர் கொஞ்சம் அதிகம் ஊற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஊசி நம்பர் 4

நெய்தல், அது அதிகம் ஊற்றியதால் இல்லை. சாயம் பானையில் எங்கே முதலில் பிடிக்கிறதோ அங்கே அடர்த்தி கூடும். வேண்டுமென்றேதான் விடுவார்கள்.

நெய்தல்

வேண்டுமென்றே விட்டார் என்றால் இன்னும் நல்லது.

குன்னூர்க்காரி

நம் பக்கத்துக் கதை ஒன்று. நீலகிரி ஆடு என்று தனி இனமே இருக்கிறது தெரியுமா? ஆங்கிலேயர் காலத்தில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து உண்டானது. சாண்டிநல்லாவில் அரசு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மெல்லிய கம்பளி, தமிழ்நாட்டில் வேறெந்த ஆட்டிலும் இந்த மென்மை கிடையாது. ஆனால் ஊட்டிக் கடைத்தெருவில் தொங்கும் ஸ்வெட்டர்களில் அதைத் தேடினால் கிடைக்காது.

கோத்தகிரியில் ஒரு வீட்டில், பள்ளி நூற்பு வகுப்பில் தக்ளி பிடித்துப் பழகிய பாட்டி ஒருவர் பேத்திக்காக அந்தக் கம்பளியை நூற்றுக்கொண்டிருந்தார். பித்தளைத் தக்ளி பருத்திக்குத்தான் சரி, கம்பளிக்கு இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்று அடியில் மரத்தாலான வட்டு ஒன்றைக் கோத்திருந்தார். என் கையில் கொடுத்து, "இழுக்காதே, விட்டுக்கொடு" என்றார். கொஞ்ச தூரம் வந்தது, அறுந்தது. அறுந்த நுனியையும் புதுக் கம்பளியையும் ஈரவிரலால் சேர்த்து, ஒட்டியது தெரியாமல் ஓடவிட்டார். அந்தச் சேர்ப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

பச்சைநூலுக்கு ஒரு வார்த்தை. கேட்காத அறிவுரைதான், மன்னிக்கவும். பெரிய டிசைன் தேடாதீர்கள். அப்படிப்பட்ட நூலுக்கு நேர்ப்பின்னலே போதும், பூவேலை போட்டால் நிறமும் பூவும் ஒன்றையொன்று மறைக்கும். இரண்டு சிட்டம் இருந்தால் கழுத்துத் துணியாகப் போடுங்கள், பகல் வெளிச்சத்தில் அணியும் ஒன்றாக.